கசந்த சுரைக்காய்: பட்டறையில் கொடுத்த விதை, பட்டறையில் சொன்ன மருந்து

ஜனவரி 6, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"போன வருஷம் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். காலையில் விதை சேமிப்பு, மதியத்துக்கு மேல் வீட்டு மூலிகை மருந்து. கிளம்பும்போது ஆளுக்கு ஐந்து பொட்டலம் விதை கொடுத்தார்கள். அதில் சுரைதான் நன்றாக ஏறிக் காய்த்தது. நேற்று முதல் காயை அறுத்தேன், பயங்கரக் கசப்பு. உப்புப் போட்டுப் பிழிந்து வைத்தால் கசப்பு போகுமா? சமையலுக்கு ஆகாது என்றாலும் பரவாயில்லை, சுரைச் சாறு உடம்புக்கு நல்லது என்று அதே பட்டறையில் சொன்னார்கள். மருந்துதானே, கசந்தால் என்ன? சாறாகக் குடிக்கலாமா அக்கா?"

ஜனவரி 6, 20 நிமிடம் கழித்து

குடிக்காதீர்கள் தம்பி. ஒரு வாய்கூட வேண்டாம். வீட்டில் யாராவது ஏற்கெனவே குடித்து, வாந்தியோ வயிற்றுப்போக்கோ தலைசுற்றலோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மிச்சக் காயையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அந்தக் கசப்புக்குப் பெயர் குக்கர்பிட்டாசின். அது நஞ்சு. உப்பில் போகாது, வேகவைத்தாலும் போகாது. சாறாக்கினால் இன்னும் மோசம். கறியில் ஒரு துண்டு கசந்தால் துப்பிவிடுவோம். மருந்து என்று மனதில் ஏறிவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளரையும் உள்ளே தள்ளிவிடுவோம். ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது வரை போகும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. கசந்த சுரைச் சாறு குடித்து உயிரே போன சம்பவங்கள் உண்டு. அதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழு போட்டு, சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் எறியுங்கள், வேறு சாறோடு கலக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. வேறு சாறோடு கலந்தால் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போய்விடும், அதுதான் காரணம். ஜெர்மனியில் 2015-ல் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பு சுக்கினியைச் சாப்பிட்டு ஒரு முதியவர் இறந்துபோனார். சுக்கினியும் பூசணிக் குடும்பம்தான்.

காயைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வரி எழுதுங்கள். விதைக் கதையை இரவு எழுதுகிறேன்.

ஜனவரி 6, இரவு

எறிந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். நிம்மதி.

இனி விதை. உங்களுக்கு விதை கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் அறுத்த காய் கசந்திருக்காது. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அது காயின் சதையை மாற்றாது. சதை தாய்க்கொடியுடையது. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு ஒளிந்திருக்கும். அந்த விதை முளைத்து, கொடி ஏறி, அடுத்த தலைமுறை காயில்தான் முகம் காட்டும். பக்கத்தில் எங்கோ ஒரு கசப்புச் சுரை, குடுக்கைக்கு வளர்க்கிறதோ வேலியில் தானாக ஏறியதோ, பூத்திருக்கும். ஒரு பூச்சி அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் கசப்பு பெரும்பாலும் மேலோங்குகிற குணம், ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும்.

மக்காச்சோளம் மாதிரி சில பயிர்கள் விதிவிலக்கு. மக்காச்சோளத்தில் நாம் தின்பதே விதை என்பதால் கலப்பு அதே கதிரில் தெரிந்துவிடும். மஞ்சள் கதிரில் அங்கங்கே கறுப்பு மணி வருவது அதனால்தான்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: விதையையும் மருந்தையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுப்பதே தப்பு. காலையில் அரைகுறை, மாலையில் அரைகுறை, இரண்டும் சேர்ந்து ஒரு டம்ளர் விஷம்.

ஜனவரி 7

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கலப்பு ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். வெயிலில் காய்ந்து, தண்ணீர் இல்லாமல் வாடின கொடியிலும் இந்த நஞ்சு ஏறும். எந்தக் காரணமாக இருந்தாலும் தின்னக் கூடாது, அதில் மாற்றமில்லை. ஆனால் விதையைக் குற்றம் சொல்லும் முன் பார்க்க வேண்டும். தம்பி, எத்தனை கொடி வைத்தீர்கள்? எல்லாவற்றிலும் கசக்கிறதா? ஒவ்வொரு கொடியிலும் ஒரு பிஞ்சை நறுக்கி, நாக்கு நுனியில் தொட்டுவிட்டுத் துப்புங்கள். விழுங்க வேண்டாம்.

ஜனவரி 9

மூன்று கொடியாம். இரண்டு கசப்பு, ஒன்று சுத்தம். மூன்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெயில். அப்படியானால் கலப்புதான்.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் அடுத்தவர் பட்டறையைப் பேசுவது நியாயமில்லை. நானும் பட்டறை நடத்துகிறவள். எட்டு வருஷத்துக்கு முன் நாற்பது பேருக்குப் பூசணி விதை கொடுத்தேன். பார்க்க அழகான விதை, தட்டையாக, வெளிறின சந்தன நிறம். அடுத்த வருஷம் ஒரு வயதான அம்மா ஒரு காயைச் சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்து வந்தார். கைப்பிடி அளவு, பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக, ஓடு கல்லைப் போல. வீட்டு அலங்காரத்துக்கு வளர்க்கிற குட்டிப் பூசணியோடு கலந்திருந்தது. "நாக்குல வச்சேன், துப்பிட்டேன். உனக்குத் தெரியணும்னு கொண்டாந்தேன்" என்றார், அவ்வளவுதான். அவர் துப்பத் தெரிந்தவர். மற்ற 39 பேர்? நான் யாருடைய பெயரையும் எழுதி வைத்திருக்கவில்லை. கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அந்த வருஷம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதிலிருந்து சீட்டு இல்லாமல் நான் ஒரு விதையும் கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. சீட்டில் பெயரும் தேதியும் போட்டால் பாதி வேலைதான். எத்தனை செடியிலிருந்து எடுத்தது, பக்கத்தில் அதே இனம் வேறு எது பூத்திருந்தது, கையால் மகரந்தம் சேர்த்ததா பூச்சி சேர்த்ததா, காயைச் சுவைத்துப் பார்த்தவர் யார், இதெல்லாம் வேண்டும். வாங்குகிறவர் பெயர் என் நோட்டில் இருக்க வேண்டும்.

ஜனவரி 9, பின்குறிப்பு

"நாட்டு விதைதானே, அது எப்படி விஷமாகும், ஹைப்ரிட்தான் கெடுதல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பூச்சிக்கு நாடும் தெரியாது ஹைப்ரிட்டும் தெரியாது. ஹைப்ரிட்டில் பிரச்சினை வேறு: அதிலிருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில் தாய் தந்தைக் குணங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். அதனால் சேமிக்க லாயக்கில்லை என்கிறோம்.

ஜனவரி 13

"பூசணிக்குப் பக்கத்தில் சுரை வைத்தால் கலக்குமா?" கலக்காது. வேறு இனம், வேறு பேரினம். சுரைக்குச் சுரைதான் எதிரி.

"எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும்?" விதைக்கென்று வளர்க்கிறவர்கள் இந்தக் குடும்பத்துக்கு 500 மீட்டரிலிருந்து 1 கிலோமீட்டர் வரை இடைவெளி விடுவார்கள். எந்த வீட்டுத் தோட்டத்தில் அது முடியும்? அதனால்தான் விதை சேமிப்பு தனியாள் வேலை இல்லை. பத்து வீடு சேர்ந்து, இந்தப் பருவம் எல்லோரும் ஒரே சுரை ரகம் என்று முடிவு செய்தால் நடுவில் இருக்கும் வீடு தானாகப் பாதுகாப்பாகிவிடும். பூச்சி எங்கே போனாலும் அதே ரகம்தான் அதன் காலில் ஒட்டும். பட்டறையில் ஐந்து பொட்டலம் கொடுத்து அனுப்புவதைவிட, பத்துப் பேரை உட்காரவைத்து யார் எதை வைப்பது என்று பேசவைப்பது பெரிய வேலை. நாங்கள் அதைச் செய்ய ஆரம்பித்தது மிகத் தாமதமாக.

மக்காச்சோளத்துக்கு இது இன்னும் கட்டாயம். காற்றில் பறக்கிற மகரந்தம். நாலு செடியில் விதை எடுத்தால் இரண்டு மூன்று தலைமுறையில் கதிர் சூம்பிவிடும். நூறு செடிக்குக் குறையாமல் வேண்டும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு எல்லாம் பூவுக்குள்ளேயே தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும், அவை தனியாளுக்கும் வசப்படும். முதல் வருஷக்காரர்கள் அதில் ஆரம்பியுங்கள். கத்தரி, மிளகாய், வெண்டையைத் தன்மகரந்தம் என்று சொல்லிக்கொடுப்பார்கள், ஆனால் தேனீ நிறைய இருக்கும் இடத்தில் அவையும் கலக்கும். மெல்லிய துணிப்பையைப் பூக்கும் முன்பே கிளையில் கட்டிவிட்டால் போதும்.

ஜனவரி 14

தக்காளி விதை பற்றிக் கேட்டவருக்கு: விதையைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு உறை இருக்கும். அது முளைப்பைத் தடுக்கிற உறை. சாறோடு ஒரு பாத்திரத்தில் விட்டால் புளித்துக் கரையும். மேலே வெள்ளையாகப் படலம் கட்டும், நாற்றம் வரும். நாலைந்து நாள் விட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், சப்பை விதை மிதக்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டுக் கழுவித் தட்டில் பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது.

ஜனவரி 17

நாலைந்து நாள் என்று எழுதியது தப்பு. குளிர்ந்த இடத்துக்குத்தான் அது பொருந்தும். வெப்பமான இடத்தில் இரண்டு நாளே அதிகம். ஒருவர் என் பேச்சைக் கேட்டு ஐந்து நாள் விட்டு, விதையெல்லாம் பாத்திரத்திலேயே வெள்ளை வால் விட்டிருந்ததாகப் படம் போட்டிருக்கிறார். மன்னியுங்கள். நாளைக் கணக்குப் பார்க்காமல் தினமும் இரண்டு விரலில் ஒரு விதையை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு வந்துவிட்டால் அன்றே கழுவுங்கள்.

ஜனவரி 21

காயவைப்பது. உச்சி வெயில் வேண்டாம், 35 டிகிரிக்கு மேல் சூடு போனால் விதைக்கு ஆகாது. நிழல், காற்றோட்டம், அவ்வளவுதான். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பூசணி விதையை வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். அவரை விதையைச் சுத்தியால் தட்டினால் தூளாக வேண்டும், நசுங்கினால் ஈரம்.

ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற விதையியலாளர் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது, பட்டறையில் நான் சுவரில் எழுதி வைக்கிறேன்: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. வைக்கிற இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிப்பு. பாட்டில் மூடி, அலமாரி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஈர விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டால் பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

ஒரு பட்டறையில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஏழு வயசுக் குழந்தை கேட்டாள்: "உள்ள விதைக்கு மூச்சு முட்டாதா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நாங்கள் ஒரு மணி நேரம் பேசியதை அவள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். விதை உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. ஈரம் இருந்தால் வேகமாக விடும், தன் சோற்றைத் தானே தின்று தீர்த்துவிடும். காய்ந்தால் மூச்சு கிட்டத்தட்ட நின்ற மாதிரி மெதுவாகிவிடும். அதைத்தான் நாம் தூங்கவைக்கிறோம் என்கிறோம்.

ஜனவரி 22

"அப்படியானால் ஈரமே இல்லாமல் காயவைத்துவிட்டால்?" நல்ல கேள்வி, நான் எல்லையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தக் கணக்கு ஏறக்குறைய 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரைதான். அதற்குக் கீழே போனால் பலன் இல்லை. இன்னொன்று, மா, பலா மாதிரி விதைகளைக் காயவைத்தால் செத்துவிடும். அவற்றைச் சேமிக்க ஒரே வழி ஈரம் காயும் முன் ஊன்றுவதுதான். வேப்பங்கொட்டையும் சீக்கிரம் உயிர் விடும்.

குளிர்பெட்டியில் வைத்தவர்கள் பாட்டிலை எடுத்த உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் உள்ளே வியர்த்து, மூன்று வாரம் காயவைத்தது மூன்று நிமிடத்தில் வீண்.

ஜனவரி 30

மருந்துப் பக்கம் வருகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், எழுதப் பயமாக இருந்தது.

பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது. உடல் இளைக்கக் கொடுத்த மூலிகைக் கலவையில் ஸ்டெஃபானியா என்ற செடி இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா என்ற நச்சுச் செடி சேர்ந்துவிட்டது. சீனப் பெயர்கள் இரண்டும் நெருக்கமானவை: ஃபாங் ஜி, குவாங் ஃபாங் ஜி. அதைச் சாப்பிட்ட பெண்களில் நூறு பேர் அளவுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, பலருக்குச் செயலிழந்தே போனது. சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. ஒரு பெயர் மாறினதற்கு. நம்முடைய ஆடுதின்னாப்பாளை அதே அரிஸ்டோலோகியா பேரினம்தான். அதைக் கஷாயத்தில் போடச் சொல்லும் குறிப்பை எந்தப் பட்டறையில் பார்த்தாலும் எழுந்து கேளுங்கள்.

அன்னாசிப்பூ மாதிரியே ஜப்பானில் ஒன்று இருக்கிறது, காய்ந்த பிறகு கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. அது வலிப்பு வரவைக்கும் நஞ்சு. பொடியாக்கின மூலிகையில் இந்தச் சந்தேகம் இரண்டு மடங்கு. பொடிக்கு முகம் கிடையாது. அதனால் நான் பட்டறையில் பொடி வைப்பதில்லை. வேரோடு, இலையோடு, முடிந்தால் பூவோடு செடி.

பிப்ரவரி 1

எண்ணெய் பற்றி. பச்சைப் பூண்டைத் தட்டி எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய ஓடுகின்றன. கனடாவின் வான்கூவரில் 1985-ல் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேருக்குப் பொட்டுலிசம் வந்தது, உடம்பை முடக்கிப்போடுகிற உணவு நஞ்சு அது. அந்தக் கிருமி மண்ணிலிருந்து பூண்டோடு வரும். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை, அதற்கு அதுவே சொர்க்கம். நாறாது, நிறம் மாறாது, நாக்குக்கும் தெரியாது. சுரையாவது கசந்து எச்சரிக்கிறது.

நான் சொல்லிக்கொடுப்பது மேலே பூசுகிற களிம்பு ஒன்றுதான், அதுவும் முழுக்கக் காய்ந்த பூவில். காலெண்டுலா இதழை விரலில் நொறுக்கினால் சருகாக உதிர வேண்டும். கண்ணாடிச் சாடியில் போட்டு எண்ணெய் மூழ்க ஊற்றி, கொதிக்காத வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, துணியில் வடித்து, 240 மில்லி எண்ணெய்க்கு 30 கிராம் தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் இறுகும். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவிட்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள், கெட்டி போதாவிட்டால் மெழுகு கூட்டலாம். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். திறந்த காயத்துக்கு வேண்டாம். வடிக்கும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், அடியில் இருக்கும் துளி ஈரமும் கலங்கி வந்துவிடும், ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். இது என் கையால் கற்றது, இரண்டு சாடி கொட்டினேன்.

பிப்ரவரி 2

ஒரு சேர்க்கை. கஷாயத்தை அன்றன்றைக்குப் போட்டு அன்றன்றைக்கு முடிக்க வேண்டும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் எதிலும் கலந்து கொடுக்கக் கூடாது, அதுவும் பொட்டுலிசம்தான். சூடம், யூகலிப்டஸ் தைலம் குழந்தை கைக்கு எட்டக் கூடாது, வாய்க்குள் போனால் வலிப்பு வரும்.

பிப்ரவரி 5

"பயமுறுத்தியே எழுதுகிறீர்கள். அப்படியானால் பழைய மருத்துவம் எல்லாம் பொய்யா?" இல்லை அம்மா. பொய் என்று நினைத்தால் நான் ஏன் இத்தனை வருஷம் செடி வளர்க்கிறேன்?

தூ யூயூவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மலேரியாவுக்கு மருந்து தேடிய சீன விஞ்ஞானி. ஆர்டிமிசியா செடியின் சாறு ஒரு தடவை வேலை செய்தது, அடுத்த தடவை செய்யவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் கே ஹாங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அங்கே அவருக்குப் பிடிபட்டது. குறைந்த சூட்டில் பிரித்தெடுத்ததும் பலித்தது. 2015-ல் நோபல் பரிசு. பழைய குறிப்பு சரிதான், அதில் செடியின் பெயரைப் போலவே செய்முறையும் மருந்து. அதோடு இன்னொன்றும் கவனியுங்கள்: நோயாளிக்குக் கொடுக்கும் முன் விலங்குகளில் சோதித்தார், பிறகு தானும் கூட வேலை செய்தவர்களும் சாப்பிட்டுப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 6

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் எந்த மூலிகையையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. முன்பெல்லாம் பட்டறையில் "மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்பேன். யாரும் தூக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் யார் தூக்குவார்கள்? இப்போது ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, பெயர் போடாமல் எழுதி மடித்துப் போடச் சொல்கிறேன். பாதிக்கு மேல் காகிதத்தில் ஏதாவது இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்று எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவு செய்கிறேன்.

பிப்ரவரி 8, இரவு

இன்று சாயங்காலம் என் சுரையில் பூ சேர்த்தேன். தம்பி கேட்டதால் விவரமாக எழுதுகிறேன்.

சுரைப் பூ வெள்ளை, அந்தியில் விரியும், அந்துப்பூச்சிக்காக. பூசணி விடியலில். இது தெரியாமல் காலையில் போய் நின்றால் வாடிய பூதான் கிடைக்கும். மதியமே கொடியைச் சுற்றி வந்து, இன்று விரியப்போகிற மொட்டுகளைப் பிடித்தேன். நுனி வெளுத்து, பச்சை விட்டிருக்கும். பெண் மொட்டுக்கு அடியில் மயிர் படர்ந்த குட்டிக் காய், சுண்டுவிரல் பருமன். ஆண் மொட்டுக்கு நீளக் காம்பு மட்டும். இரண்டையும் நூலால் வாய் கட்டினேன், பூச்சி முந்திக்கொள்ளக் கூடாது. இருட்டத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்தால் பூ மெதுவாகத் தானே விரிந்தது. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைத் தூரிகை மாதிரி பிடித்துப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் தடவினேன். வெளிர்மஞ்சள் தூள் ஒட்டியது தெரிந்தது. மறுபடி இதழைச் சேர்த்துக் கட்டி, காம்பில் சிவப்பு நூல். பக்கத்துக் கொடியில் ஒரு பருந்து அந்துப்பூச்சி றெக்கை தெரியாத வேகத்தில் நின்றுகொண்டிருந்தது. அது போகட்டும், மீதிப் பூவெல்லாம் அதற்குத்தான்.

இரண்டு பூவும் ஒரே கொடி. அந்தக் கொடியின் வேறொரு பிஞ்சைச் சுவைத்துப் பார்த்தேன், கசப்பில்லை. மேலோங்குகிற கசப்பு அந்தக் கொடியிடம் இருந்திருந்தால் காயில் தெரிந்திருக்கும். தெரியவில்லை, தன்னோடு தானே சேர்ந்தது, ஆகவே விதையிலும் அது வர வாய்ப்பு குறைவு.

பிப்ரவரி 17

"உலகத்தில் விதை வங்கிகள் இருக்கும்போது நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?"

வங்கிகளை நான் கும்பிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில், ரஷ்யாவின் லெனின்கிராட் நகர முற்றுகையில், வாவிலோவ் என்ற தாவர விஞ்ஞானி சேர்த்த விதைகளைக் காத்தவர்கள் அரிசி மூட்டைக்கும் கோதுமை மூட்டைக்கும் நடுவே பட்டினியில் செத்தார்கள், ஒரு பிடி எடுக்கவில்லை. வாவிலோவே 1943-ல் சிறையில் இறந்தார். நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகம் 2008-ல் திறந்தது. சிரியப் போரில் அலெப்போ பக்கத்து விதை வங்கியை நடத்த முடியாமல் போனபோது, 2015-ல் ஸ்வால்பார்டிலிருந்துதான் முதல் தடவையாக விதையைத் திரும்ப எடுத்தார்கள். எடுத்தவர்கள் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை, விதைத்துப் பெருக்கி மறுபடி கொண்டுபோய் வைத்தார்கள். பெட்டகத்தில் இருப்பது வைத்த நாளில் எப்படியோ அப்படியே இருக்கும். மாறுகிற மழைக்கும் புதுப் பூச்சிக்கும் பழகுவது மண்ணில் நிற்கிற செடிதான். விதையைப் பார்த்ததும் இது முற்றியதா இல்லையா என்று சொல்கிற கை எந்தப் பெட்டகத்திலும் இல்லை.

பிப்ரவரி 18

இது கொஞ்சம் விலகல், ஆனால் சொல்ல ஆசை. அமெரிக்காவில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-ல் இருபது பாட்டிலில் களை விதையைப் போட்டு மண்ணில் புதைத்தார். இப்போது 20 வருஷத்துக்கு ஒன்று எடுக்கிறார்கள், வெளிச்சம் படக் கூடாது என்பதற்காக இரவில் தோண்டுகிறார்கள். கடைசியாக 2021-ல் எடுத்தது, 142 வருஷம் கழித்தும் சில விதை முளைத்தன. அடுத்தது 2040. அதைத் தோண்டப் போகிறவர்களில் சிலர் இப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஆனால் உங்கள் வெங்காய விதையை இதை நம்பி வைத்துவிடாதீர்கள், அது ஒன்றிரண்டு வருஷம்தான்.

மார்ச் 11

ஜனவரி 6-ஆம் தேதி இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். விதையையும் மருந்தையும் ஒரே நாளில் வைப்பது தப்பு என்று. ஒரே நாள் என்பதில் இன்னும் அதே கருத்துதான். ஆனால் இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று நினைத்தது தப்பு.

நேற்று நிலவேம்பு விதை எடுத்தேன். காய் பழுப்பானதும் வெடித்து விதையை வீசிவிடும், அதனால் பச்சையும் பழுப்புமாக இருக்கும்போதே கிளையை வெட்டிக் காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். இரவெல்லாம் பைக்குள் டிக் டிக் என்று சத்தம். படுத்துக்கொண்டு கேட்டேன். கீழாநெல்லியும் இப்படித்தான், இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்குகிற குட்டிக் காய் வெடிக்கும். கீழாநெல்லியைப் போலவே இரண்டு மூன்று செடி இருக்கின்றன. இலையை மட்டும் காட்டினால் நானே தடுமாறியிருக்கிறேன். ஆனால் விதை போட்டு, நாற்றைப் பார்த்து, பூவைப் பார்த்து, காய் எங்கே தொங்குகிறது என்று பார்த்து, மறுபடி விதை எடுத்த செடியில் தடுமாறியதில்லை. பெல்ஜியத்தில் கலவை போட்டவர்கள் யாரும் அந்தச் செடியைப் பூவோடு பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே இந்த வருஷம் மாற்றுகிறோம். முதல் சந்திப்பில் மருந்து கிடையாது, குறிப்புக் காகிதமும் கிடையாது. ஆளுக்கு ஒரு மூலிகை விதை, ஒரு தொட்டி. அது பூத்துக் காய்த்த பிறகுதான் அடுத்த சந்திப்பு. விதையோடு வருகிறவருக்கே அந்தச் செடியின் மருந்தைச் சொல்லிக்கொடுப்போம்.

மார்ச் 12

"பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள்" என்கிறார் என்னோடு பட்டறை நடத்துகிற தோழி. வராமல் போகட்டும். வருகிற பாதி போதும் எனக்கு.

ஏப்ரல் 14

சிவப்பு நூல் கட்டின காயை அறுத்தேன். காம்பு காய்ந்து, கொடி தானே கைவிட்ட பிறகு. இன்னும் இரண்டு வாரம் நிழலில் கிடக்கட்டும், விதை உள்ளேயே முற்றும். தம்பி அவருடைய இரண்டு கசப்புக் கொடியையும் வேரோடு பிடுங்கிவிட்டதாகவும், மூன்றாவதில் பூ கட்டப் பழகி இரண்டு தடவை தவறவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவதில் விதை எடுக்க வேண்டாம் தம்பி, பக்கத்தில் இரண்டு கசப்பு பூத்திருந்த நாட்களில் விழுந்த காய் எது என்று இப்போது சொல்ல முடியாது. கட்டின பூவில் வந்தால் மட்டும் வையுங்கள்.

மே 3

காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம். ரம்பத்தால் அறுத்துக் கொட்டினேன், முந்நூற்றுக்கு மேல். ஈரத் துணியில் இருபது விதை சுற்றி வைத்ததில் பதினேழு முளைத்தது. பதினைந்து விதை உங்களுக்குத் தபாலில் வருகிறது. உள்ளே இருக்கும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதில் எழுதியிருப்பது இது:

"சுரை, நீளக்காய். ஒரே கொடி, ஒரே காய். பிப்ரவரி 8 அந்தியில் கையால் சேர்த்தது. அந்தக் கொடியின் பிஞ்சை நான் சுவைத்தேன், கசக்கவில்லை. முளைப்பு 20-க்கு 17. நீங்களும் முதல் பிஞ்சைச் சுவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்."

உங்கள் பெயர் என் நோட்டில் இருக்கிறது.